எச்.ஆர். படிக்கிறீர்களா? 26-ஆல் வகுத்துப் பாருங்கள்

எங்கள் அம்பத்தூர் பக்கத் தொழிற்சாலைக்கு எச்.ஆர்., அதாவது மனிதவளத் துறை வேலை கேட்டு வருகிற புதியவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுகிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசியாக வாங்கியது 20,800 ரூபாய். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி எவ்வளவு?

வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒருநாள் சம்பளம் காண 30-ஆல் வகுத்து, 1,04,000 என்கிறார்கள். வகுக்க வேண்டியது 26-ஆல். வாரவிடுமுறை போக மாதத்தில் வேலை நாள் அவ்வளவுதானே! சரியான விடை 1,20,000. அந்தப் பதினாறாயிரத்தை வீட்டுக்குப் போகும் மனிதர் இழக்கலாமா? உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள்.

"எனக்கு நாலு பேரோடு பழகப் பிடிக்கும், அதான் எச்.ஆர். எடுத்தேன்" என்பார்கள். பழகுங்கள், நல்லதுதான். ஆனால் தொழிலாளி உங்கள் மேசைக்கு வருவது சம்பளச் சீட்டோடு. வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.பில் 12 சதவீதம், மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் 0.75 சதவீதம் ஏன் பிடித்தார்கள் என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் அடுத்த முறை நேராக யூனியன் ஆபீசுக்குப் போய்விடுவார்.

சென்னையில் எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ., எம்.ஏ. என்று இதற்குப் பல வாசல்கள். எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இலிருந்து இருக்கிறது. தமிழக அரசே தொழிலாளர் மேலாண்மைக்கென ஒரு நிலையம் நடத்துகிறது. கட்டணம் கட்டுமுன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். தொழிற்சாலை நல அலுவலர் பதவிக்கு இந்தப் பட்டம் செல்லுமா? எல்லாப் பட்டமும் செல்லாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயமாக இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 250 போதும்.

அடுத்து, பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டதா? பழைய 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. வீட்டு வாடகை போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கான சம்பளக் கணக்கில் சேரும். குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி உரிமை வருகிறது. பழைய நோட்ஸை வைத்து நடத்தும் வகுப்பில் இதெல்லாம் கிடைக்காது.

அப்புறம் இந்த ப்ராஜெக்ட் சமாச்சாரம். 'ஊழியர்களின் பணித் திருப்தி' என்று கேள்வித்தாள் அச்சடித்து, கேன்டீனில் சாப்பிடுகிறவர்களிடம் நீட்டுவதை நிறுத்துங்கள். மேனேஜர் அங்கே நிற்கும்போது எவர் 'திருப்தி இல்லை' என்று டிக் அடிப்பார்? அதற்குப் பதில் தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. எத்தனை கடையில் இருக்கை உண்டு, அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்த்து எழுதுங்கள். அப்படியொரு ப்ராஜெக்ட்டோடு யாராவது வந்தால், கிராஜுவிட்டி கணக்கை நானே சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.