கிடேரிக் கன்று ஊசி: மானியம் எவ்வளவு, 90 சதவீதம் என்றால் என்ன?

"பொட்டைக் கன்னு மட்டும் போடுற ஊசி வந்திருக்காமே, அதுக்கு கவர்மெண்டே காசு தருதாமே?" என்று மாடு வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். ஊசி இருப்பது உண்மை. காசு தருவது பாதி உண்மை. "மட்டும்" என்பதுதான் தப்பு, பிறப்பதில் சுமார் 90 சதவீதம் கிடேரி (பொட்டைக் கன்று) என்பதுதான் கணக்கு.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் 2014 டிசம்பரில் தொடங்கியது. இந்த ஊசியில் போடுவது பாலினம் பிரித்த உறைவிந்து, அதாவது கிடேரி தரும் விந்தணுவைப் பிரித்தெடுத்து உறையவைத்தது. அதற்கான மானியம் இந்த மிஷனின் கீழ்தான் வருகிறது. விந்துக் குச்சியின் (ஒரு ஊசிக்கான விந்து அடைத்த மெல்லிய குழாய்) விலையில் 50 சதவீதம் வரை மானியம், மீதி மாட்டுக்காரர் பொறுப்பு. சில மாநிலங்களும் பால் ஒன்றியங்களும் தங்கள் பங்காக இன்னும் கொஞ்சம் போடுவதால் ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் பக்கத்து மாவட்டத்துச் சொந்தக்காரர் சொன்ன விலையை வைத்து உங்கள் டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை நம்பியிருந்ததால் குச்சி விலை எகிறிக் கிடந்தது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிராவின் வாசிமில் பிரதமர் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைத் தொடங்கி வைத்தார். குச்சிக்குச் சுமார் 200 ரூபாய் குறையும் என்று அப்போது அறிவித்தார்கள். நம்ம பக்கம் ஊட்டியில் இதற்கென்றே உற்பத்தி நிலையம் இருக்கிறது.

மனிதர்களில் பாலினம் பார்ப்பது குற்றமாச்சே, மாட்டுக்கு எப்படி என்று சிலர் தயங்குகிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கருவுக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

சரி, 90 சதவீதத்துக்கு வருவோம். எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணு சேர்ந்தால் கிடேரி, ஒய் சேர்ந்தால் காளை. எக்ஸ் பெரியது, அதனால் பசு இனத்தில் எக்ஸ் விந்தணுவில் டிஎன்ஏ கிட்டத்தட்ட 3.8 சதவீதம் கூடுதல். டிஎன்ஏவில் ஒட்டும் ஒளிர்சாயத்தைச் சேர்த்து லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் எக்ஸ் கொஞ்சம் அதிகமாக மின்னும், அதை வைத்து எந்திரம் பிரிக்கிறது. நாலு சதவீதம்கூட இல்லாத வித்தியாசம் என்பதால் சில ஒய் நழுவி உள்ளே வந்துவிடும்.

எத்தனை நழுவியது என்று பார்க்க டிஎன்ஏ புரோப் ஒரு வழி. ஒய் குரோமோசோமில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை உண்டு. அதில் மட்டும் போய் ஒட்டும்படி செய்த சின்ன டிஎன்ஏ துண்டுதான் புரோப், கூடவே ஒளிரும் சாயமும் கட்டியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளி மின்னும் தலையெல்லாம் ஒய், மின்னாதது எக்ஸ். நூறு தலையில் பத்துப் புள்ளி என்றால் 90 சதவீதம். இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் அதையே வைத்துப் பிரிக்க வேண்டியதுதானே? முடியாது. விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ இறுகப் பொதிந்திருக்கும், அதைத் தளர்த்தி இழையைப் பிரித்தால்தான் புரோப் ஒட்டும், அதற்குள் விந்தணு செத்துவிடும். ஆகவே பானைச் சோற்றில் ஒன்றை நசுக்கிப் பார்க்கிற கதைதான். உங்கள் மாட்டுக்குப் போடும் குச்சியை யாரும் இப்படிச் சோதித்திருக்க முடியாது.

ஆக, பத்து மாடு சினையானால் ஏறக்குறைய ஒன்பது கிடேரி. உங்களுடையது அந்தப் பத்தாவதாக இருந்தால் அது யார் தப்பும் இல்லை. ஆனால் சினை நிற்பதற்கு இந்த 90 பொருந்தாது, இங்கேதான் பலர் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள். சாதாரணக் குச்சியில் சுமார் இரண்டு கோடி விந்தணு இருக்கும், இதில் சுமார் 20 லட்சம்தான், அதுவும் எந்திரத்தில் அடிபட்டு வந்தவை. சினை பிடிப்பது சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதனால் நல்ல உடல்வாகுள்ள கிடேரிக்கோ, ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் மாட்டுக்கோ போடுங்கள். நாலு ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். கண்ணாடி மாதிரி வழும்பு எப்போது தொங்கியது, மாடு எப்போது கத்த ஆரம்பித்தது என்று ஊசி போடுபவரிடம் மணியோடு சொல்லுங்கள். இந்தக் குச்சியைச் சாதாரண ஊசியைவிடச் சற்றுத் தாமதமாகப் போடுவதுதான் வழக்கம்.

போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். மைனஸ் 196 டிகிரி கேனிலிருந்து இடுக்கியால் எடுத்த குச்சி 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் கிடக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்துச் சூடாக்குகிறவரைப் பார்த்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். குச்சியின் மேல் காளை எண், இனம், நிலையம், தேதி அச்சாகியிருக்கும், அதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு 12 இலக்கக் காதுத் தோடு இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், ஊசி விவரம் அந்த எண்ணில்தான் பதிவாகும். மானியம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள், ஏனென்றால் கோகுல் மிஷனுக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை திருத்தி ஒப்புதல் தந்த 3,400 கோடி ரூபாய் ஒதுக்கீடு 2025-26 வரைக்குமானது.

அப்புறம், ஜல்லிக்கட்டுக்கோ பொலிகாளைக்கோ காங்கேயம் காளைக் கன்று வேண்டும் என்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிச் சாதாரணக் குச்சியே கேளுங்கள்.