சிம்னியை உயர்த்தினால் மாசு குறையாது

மறுபடியும் ஒரு உணவுத் தொழிற்சாலை, மறுபடியும் அதே கதை. பொரிக்கும் பிரிவின் புகையால் கண் எரிகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்திருக்கிறார்கள். நிர்வாகம் செய்த வைத்தியம்: சிம்னியின் தலையில் இன்னொரு குழாயைப் பற்றவைத்து உயர்த்தியது. "இனிமே யாருக்கும் தெரியாது சார்" என்று பெருமையாக வேறு சொன்னார்கள். காற்று மாசுக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கும் எனக்கு இந்த வசனம் புளித்தே போய்விட்டது.

உயரம் எதையும் பிடித்து வைக்காது. மணிக்கு ஒரு கிலோ எண்ணெய்த்துளி வெளியே போகிறதென்றால், சிம்னி 10 மீட்டரானாலும் 30 மீட்டரானாலும் போவது அதே ஒரு கிலோதான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் அடுத்த தெருக்காரர் மூச்சில் இழுப்பார். அதுவும் காற்றசையாத குளிர்ந்த அதிகாலைகளில் மேலே தேங்கும் புகை, வெயில் ஏறியதும் கலந்து தரைக்கே இறங்கும். சிம்னிக்கு உயரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடிக்க வேண்டியதைப் பிடித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்த உயரம்.

அந்தச் சிம்னியைச் சுற்றியிருந்த கூரைத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். பழுப்பாக, பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. "ஃபில்டர் போட்டிருக்கோமே சார்!" போட்டிருந்தது கம்பிவலை. சூடான எண்ணெய் ஆவி அதைச் சுலபமாகக் கடந்து, வெளியே குளிர்ந்த பிறகே துளியாகிறது. நீலப் புகையாகத் தெரிவது அதுதான். பல துளிகள் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதலில் குளிரவைத்துத் துளியாக்குங்கள், அப்புறம் பிடியுங்கள். சும்மா தண்ணீர் தெளிக்கும் ஸ்கிரப்பருக்கு இது சிக்காது. துளிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைக்கும் இ.எஸ்.பி. கருவி வேண்டும். தகட்டை ஒழுங்காகக் கழுவ ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கண்ணை எரிக்கும் அக்ரோலின் என்ற வேதிப்பொருள், எண்ணெய் அளவுக்கு மீறிக் காயும்போது பிறப்பது. ஃப்ரையரின் வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், செலவே இல்லாத வேலை. புகை போகும் டக்ட் குழாயில் படிந்த எண்ணெயைச் சுரண்டி எடுங்கள். மாசு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

பாய்லருக்கு ஈர விறகு போடவே போடாதீர்கள். பாய்லர் புகையைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் பெரிய தூசியைத்தான் பிடிக்கும், நுண்துகளுக்குத் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டர் வேண்டும். அதிலுள்ள அழுத்தமானியைத் தினமும் பார்த்து எழுதி வையுங்கள். ஃபேன் ஓடும்போது முள் பூஜ்யத்தில் கிடந்தால் பை கிழிந்திருக்கலாம், இல்லை மானியே செத்திருக்கலாம். "அது எப்பவும் அப்படித்தான் சார்" என்பது பதில் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புகார் சொல்பவரை விரோதியாகப் பார்க்காதீர்கள். எந்த நேரத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது நாற்றம் வருகிறது என்று அவரிடமே கேட்டுக் குறித்து, உங்கள் உற்பத்திப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இயந்திரம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.