ட்விட்ச்சிங்: நடுக்கத்தில் பிறந்த சொல்

அரிய பறவை ஒன்று எங்கோ தென்பட்டது என்று செய்தி வந்ததும், கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அதைப் பார்த்தே தீருவதென்று கிளம்பிப் போவதற்குப் பெயர் ட்விட்ச்சிங். போகிறவர் ட்விட்ச்சர். பறவை பார்க்கிற எல்லோரையும் பிரிட்டன் பத்திரிகைகள் இப்படி அழைத்துவிடுவதுண்டு, அது சரியல்ல. ஒரே ஏரிக்கரையில் ஆண்டுக்கணக்காக நின்று வாத்துகளை எண்ணுகிறவர் பறவை நோக்கர். அவரை ட்விட்ச்சர் என்றால் முகம் சுளிப்பார்.

ஆங்கிலத்தில் ‘ட்விட்ச்’ என்பது தசை வெடுக்கென்று இழுப்பது, துடிப்பது. அது பறவைகளோடு ஒட்டிக்கொண்டது 1950களின் பிரிட்டனில். ஹோவர்ட் மெட்ஹர்ஸ்ட் என்ற பறவை ஆர்வலர் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நெடுந்தூரம் போவாராம். போய்ச் சேரும்போது குளிரில் விறைத்து நடுங்கிக்கொண்டிருப்பார். அந்த நடுக்கத்தைக் கூட்டாளிகள் நடித்துக் காட்டிக் கேலி செய்ய, பெயர் நிலைத்துவிட்டது என்பது அந்தக் குழுவினரே சொன்ன கதை. அதற்கு முன் ‘டேலி ஹன்டர்’, அதாவது எண்ணிக்கை வேட்டைக்காரர் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘சேசிங்’, துரத்தல், என்கிறார்கள்.

நடுக்கம் குளிரால் வந்ததோ ஆசையால் வந்ததோ, பெயர் பொருத்தமானதுதான். 1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, கோல்டன் விங்டு வார்ப்ளர் என்ற வட அமெரிக்கப் பறவை தென்பட்டது. எடை 10 கிராம் அளவுதான். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். ஒரு சிற்றுயிருக்காக இத்தனை பேர் தூக்கத்தை விட்டு வந்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பறவை அங்கே விருந்துக்கு வரவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியது, வழி தவறி வந்தது. வலசைப் பாதையில் புயல் அடித்துத் தள்ளும். முதல்முறை பறக்கும் இளம் பறவைக்குத் திசை பிசகும். அதற்கு நேர்ந்த விபத்து, பார்த்த இனங்களைக் குறித்துவைக்கும் நம் பட்டியலில் ஒரு டிக்! 2013இல் ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவுக்கு வந்த வெண்தொண்டை ஊசிவால் உழவாரன், பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரே காற்றாலையில் மோதிச் செத்தது. அதைக் கொன்றது கூட்டமல்ல. இருந்தாலும், அதன் பெயருக்கு நேரே அன்று டிக் போட்டவர்களின் பென்சில் சற்றாவது தயங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த செய்தி வந்தால் நானும் துடிப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறகு நுனியின் நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் கூர்மை பலருக்கு இந்த வெறியில்தான் வாய்த்தது. வழி தவறியவற்றின் பதிவுகள் சேரச் சேர, வலசைத் தடங்கள் மாறுவதும் புலப்படுகிறது. பதுங்கியிருக்கும் பறவையை வெளியே வரவழைக்க பதிவுசெய்த அதன் குரலை ஒலிக்கவிடுவதற்கு மட்டும் என்னிடம் நியாயம் ஏதுமில்லை.

இனி இதற்குத் தமிழ்ச்சொல். ‘அரும்பறவை வேட்டை’ காதுக்கு இனிமைதான். ஆனால் துப்பாக்கி வாடை அடிக்கிறது. ‘தேடல்’ பொருந்தாது: இங்கே தேடியவர் வேறொருவர், நாம் அவர் சொன்ன இடத்துக்கு ஓடுகிறோம். செயலுக்கு ‘அரும்புள் துடிப்பு’ என்பேன், புள் என்றால் பறவை. உடல் துடிப்பதற்கும் ஆசையில் துடிப்பதற்கும் நமக்கு ஒரே சொல் இருப்பது வசதி. ஆளுக்கு ‘துடிப்பர்’ என்றால் வினைமுற்றுபோல ஒலித்துக் குழப்பும், ‘புள்ளோடி’ எனலாம். நாடோடி, கடலோடி வரிசையில் உட்காரும். மூலத்தில் உள்ள மெல்லிய கேலியும் தங்கும். கடலோடி கடல்மேல் போகிறவர் என்றால் புள்ளோடி பறவைமேல் ஏறிப் போகிறவரா என்று இலக்கணக்காரர் மடக்கலாம். கருடனில் வருகிற பெருமாளுக்கு மட்டுமே அந்தக் குழப்பம் என்று விட்டுவிடலாம்.

துணைச்சொற்களுள் ‘லைஃபர்’, வாழ்நாளில் முதன்முறை காணும் இனம், ‘முதற்காட்சி’ ஆகலாம். போய்ச் சேர்வதற்குள் பறவை பறந்துவிட்டால் அது ‘டிப்’. அதற்குப் புதுச்சொல் வேண்டாம். ‘கோட்டை விட்டேன்’ போதும்.