சலூக்கி உண்மையிலேயே 5,000 ஆண்டு பழைய நாயா?

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், ஈரானின் சூசாவில் கிடைத்த ஓர் உயரமான மண்குவளை இருக்கிறது. வயது ஏறக்குறைய 6,000 ஆண்டு. வளைந்த பெருங்கொம்புகளுடன் ஒரு மலையாடு, அதற்கு மேலே ஓடும் நாய்களின் வரிசை, விளிம்பருகே நெடுங்கழுத்துப் பறவைகள். நாய்களின் உடலை இழுத்து நீட்டிய கோடாகவே வரைந்துவிட்டார் அந்தக் குயவர். பாலைவன வேட்டை நாயான சலூக்கியை நேசிப்பவர்கள், அதன் பழமைக்குச் சான்றாக இதைத்தான் முதலில் காட்டுவார்கள். அடுத்து, பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் இருந்த வண்ணப் பெட்டியின் வேட்டைக் காட்சி.

அரபுப் பாலைவன நாடோடிகளான பெதூயின்களிடம் இந்த நாய்க்குத் தனி மரியாதை உண்டு. 'அல் ஹுர்', அதாவது உயர்குலத்தது என்பார்கள். மற்ற நாய்கள் வெளியே நிற்க, இது கூடாரத்துக்குள் படுத்துறங்கும். விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகவே தருவார்கள். நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்தால், அது அல்லாஹ் இட்ட முத்தம் என்பது அவர்கள் நம்பிக்கை. பழக்கிய வேட்டை விலங்கு பிடித்துத் தரும் இரையை உண்ணக் குர்ஆன் அனுமதிக்கிறது; சலூக்கியின் மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஓவியத்தில் உள்ள சாயல் வம்சத்துக்குச் சான்றாகாது. சவூதி அரேபியாவின் ஷுவைமிஸ், ஜுப்பா பாறைகளில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்று மதிப்பிடப்படும் வேட்டைச் செதுக்கல்கள் உள்ளன. அந்த நாய்களுக்கு நிமிர்ந்த காதுகள், சுருண்ட வால், குட்டை முகம். தொங்கும் காதும் நீள் முகமும் கொண்ட சலூக்கி அங்கே இல்லை.

2004-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, 85 நாய் இனங்களை ஒப்பிட்டு, ஓநாய்க்கு நெருக்கமான சிறு குழுவில் சலூக்கியையும் சேர்த்தது. 'பழமை நிரூபணமாகிவிட்டது' என்று பலர் மகிழ்ந்தார்கள். அதே ஆய்வில், எகிப்தியச் சுவரோவியத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் தோன்றும் 'ஃபாரோ ஹவுண்ட்' ஐரோப்பிய நாய்களோடு போய்ச் சேர்ந்தது. அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டது என்றே ஆய்வாளர்கள் கருதினர்.

2012-இல் 1,375 நாய்களையும் 19 ஓநாய்களையும் வைத்துச் செய்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. மரபணு மரத்தில் ஒரு கிளை அடியிலேயே தனித்துப் பிரிவதற்குக் காரணம் வயதல்ல, கலப்பில்லாமை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாய்களை ஓயாமல் கலந்து புதிய இனங்களை உருவாக்கினார்கள். அந்தக் கலப்பில் பழைய வம்சங்களின் தடம் அழிந்தது. தொலைவில் இருந்த நாய்கள் தப்பின. ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவும் இந்தப் 'பழைய' குழுவில்தான் வருகிறது. ஆனால் அந்தக் கண்டத்துக்கு நாய் போய்ச் சேர்ந்து ஏறத்தாழ 3,500 ஆண்டுகள்தான் ஆகின்றன! நாய் இனங்களைப் பதிவு செய்யும் லண்டன் கென்னல் கிளப் சலூக்கியை ஏற்றதே 1923-இல்தான். அதுவரை பாலைவனம் அதற்கு வேலியாக இருந்தது.

இதனால் சலூக்கியின் பெருமை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. உண்மையில் தொடர்ந்து வந்தது மனிதர்களின் தேர்வு. மான் பிடிக்கும் நாய்க்கே துணை தேடினார்கள். அந்தத் தேர்வு உடலைச் செதுக்கியது. முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு தாவல் சுற்றிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்: உடல் நீளும்போது ஒருமுறை, வில்லாய் வளையும்போது ஒருமுறை. வளையும் முதுகெலும்பு ஒவ்வொரு தாவலையும் நீட்டித் தருகிறது. நீள்முக நாய்களின் விழித்திரையில் நரம்புச் செல்கள் கிடைமட்டப் பட்டையாக அடர்ந்திருக்கும். மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி, அடிவானத்தில் அசையும் இரையைத் துரத்தும் விலங்குக்கு இது பெரிய துணை.

மான் வேட்டைக்கு இன்று கட்டுப்பாடுகள் இருப்பதால், அபுதாபியின் அல் தஃப்ரா விழா போன்ற இடங்களில் சலூக்கிகளுக்கு ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அங்கே அழகுப் போட்டியும் உண்டு. அடுத்த தலைமுறைக்கு ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களா, அழகைப் பார்த்தா என்பதைப் பொறுத்தே இந்த உடல் இனி எப்படி மாறும் என்பது அமையும்.