டூயல்: தமிழில் எப்படிச் சொல்வது?

இரண்டு பேர் அடித்துக்கொண்டால் மட்டும் அது டூயல் ஆகிவிடாது. ஒருவர் அழைக்க, மற்றவர் ஏற்க, இடம், நேரம், ஆயுதம் எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்து, சாட்சிகள் முன்னால் நடப்பதுதான் டூயல். பெரும்பாலும் மானப் பிரச்சினை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. போரைக் குறிக்கும் 'பெல்லும்' என்ற சொல்லின் பழைய வடிவம் 'துவெல்லும்'. லத்தீனில் இரண்டுக்கு 'துவோ' என்று பெயர். ஒலி ஒத்துப்போகவே, இடைக்காலத்தில் துவெல்லுமை 'இருவர் போர்' ஆக்கிவிட்டார்கள்.

அப்போது ஐரோப்பாவில் வழக்குகளையே இப்படித் தீர்த்தார்கள்; ஜெயித்தவர் பக்கம் கடவுள் இருப்பதாகக் கணக்கு. 1818-இல்கூட இங்கிலாந்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆபிரகாம் தோர்ன்டன் இந்தப் பழைய உரிமையைக் கோர, எதிராளி மோத வராததால் விடுதலையானார். அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள்.

மானத்துக்கான டூயலுக்கு நம் பக்கத்துத் தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. 1781-இல் காஞ்சிபுரம் அருகே ஹைதர் அலியுடன் நடந்த புள்ளலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பிறகு சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி அவரைப் பதவிநீக்கி, கைதுசெய்து, கப்பலேற்றிவிட்டார். ஸ்டூவர்ட் மறக்கவில்லை. 1786-இல் லண்டனை ஒட்டிய கென்சிங்டனில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் நின்றார்கள். இடைவெளி பன்னிரண்டு தப்படி. ஒரு கால் இல்லாத ஸ்டூவர்ட் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். மெக்கார்ட்னிக்குக் கிட்டப்பார்வை, 'நான் தெரிகிறேனா?' என்று ஸ்டூவர்ட் கேட்க, நன்றாகவே தெரிகிறது என்றாராம். கொல்ல வந்த இடத்தில் என்ன மரியாதை! குண்டு பட்டது மெக்கார்ட்னிக்கு. ஸ்டூவர்ட்டுக்குத் திருப்தி இல்லை, இன்னொரு முறை சுடலாம் என்றார். உடன் வந்த துணையாட்கள் விடவில்லை. ஆளைப் பிடித்து நிறுத்துவதும் துணையாளின் வேலைதான்.

சரி, தமிழில்? புராணக் கதைகளில் வரும் 'துவந்த யுத்தம்' பலருக்கும் தெரிந்தது. துவந்தம் என்றால் இணை, இரட்டை. சென்னைத் தெருவில் 'ஒண்டிக்கு ஒண்டி'. இரண்டும் ஆள் கணக்கைச் சொல்கின்றனவே தவிர, முறைப்படி அழைத்து மோதுவதைச் சொல்லவில்லை. போருக்கு அழைப்பதற்கு நம்மிடம் 'அறைகூவல்' இருக்கிறது. ஆகவே மானத்துக்காக நடப்பதை 'அறைகூவற்போர்' என்றும், பொதுவாக இருவர் மோதுவதை 'இருவர் போர்' என்றும் எழுதலாம் என்பது என் கட்சி. புராணக் கதை எழுதுகிறவர்கள் துவந்த யுத்தத்தையே வைத்துக்கொள்ளட்டும்.