ஃபென்டனைல் இல்லாத மயக்கம்: நாடித்துடிப்பில் கண் இருக்கட்டும்

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழி அறுவையில், பித்தப்பையை எடுத்தவர்களை வலிக்கு நிகராகப் படுத்துவது குமட்டலும் வாந்தியும். ஃபென்டனைல், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளுக்கு அதில் பங்குண்டு. பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவர்கள், உடல் பருத்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் ஆகியோருக்கு ஓபியாய்டு இல்லாத முழு மயக்கத்தை யோசிக்கலாம்.

ஃபென்டனைலை விட்டுவிட்டால் மட்டும் போதாது. அதன் வேலையைக் கெட்டமின், மெக்னீசியம், லிக்னோகெய்ன், டெக்ஸ்மெடிடோமிடின் எல்லாம் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். மெக்னீசியம் தசைத் தளர்த்தியின் வேலையை நீட்டிக்கும், தசை பலம் திரும்பியதைக் காட்டும் டி.ஓ.எஃப். விகிதம் 0.9ஐத் தொடாமல் மூச்சு டியூபை எடுக்கக் கூடாது.

கவனம் அதிகம் தேவைப்படுவது டெக்ஸுக்குத்தான் (டெக்ஸ்மெடிடோமிடின்). 200 மைக்ரோகிராமை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு முதலில் 30 மைக்ரோகிராம், அதாவது 7.5 மி.லி., 10 நிமிடத்தில் போக வேண்டும். பம்பில் அது மணிக்கு 45 மி.லி. முடிந்ததும் மணிக்கு 6 மி.லி.க்கு இறக்க வேண்டும். மறந்தால் ஏழு மடங்குக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நடுவில்தான் சர்ஜன் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுவார். வயிற்றின் உள்ளுறை விரியும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி இறங்கும். டெக்ஸ் ஏற்கெனவே நாடியை இறக்கி வைத்திருக்கும். மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், அழுத்தம் 12 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கட்டும். நாடி 40க்கு வந்தால் முதலில் கேஸை வெளியேற்றச் சொல்லி, டெக்ஸை நிறுத்தி, அட்ரோபின் 0.6 மி.கி. கொடுக்க வேண்டும். 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, டெக்ஸ் பெற்ற ஐந்து பேருக்கு நாடி கடுமையாக இறங்கியதால் பாதியில் நிறுத்தப்பட்டது.

இன்னொரு பொறி, லிக்னோகெய்ன் இன்ஃப்யூஷனும் டாப் பிளாக்கும் (வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி) சேர்வது. இரண்டிலும் மரப்பு மருந்துதான், அளவு கூடினால் நஞ்சாகும். இரண்டு பக்கமும் 0.25% புபிவக்கெய்ன் 20 மி.லி. வீதம் போட்டாலே 100 மி.கி. உதடு மரப்பது, காது இரைவது போன்ற முன்னறிகுறிகளை மயக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது. ஆகவே ஏதாவது ஒன்றே போதும். அந்த நஞ்சை முறிக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் தியேட்டரிலேயே இருக்கட்டும். டாப் பிளாக் வயிற்றுச் சுவரின் வலிக்குத்தான் கேட்கும், கேஸால் வரும் தோள்பட்டை வலிக்குக் கேட்காது. விழித்த பின் வலி தாங்கவில்லை என்றால் சிறிது ஓபியாய்டு கொடுப்பதில் தவறில்லை. 'ஓபியாய்டு இல்லாத' என்ற பெயருக்காக நோயாளியை வலியில் விடுவதுதான் தவறு.

நோயாளிகளுக்கு ஒன்று: நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் எடுத்தாலோ, முன்பு மயங்கி விழுந்திருந்தாலோ பரிசோதனையின்போதே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.