பனியில் உடைந்து இளவேனிலில் மூழ்கும் படகுகள்

இந்த இளவேனிலிலும் அதே அழைப்பு வந்தது. ஏரியில் இறக்கிய முதல் இரவிலேயே ஒரு சிறிய பாய்மரப் படகு கட்டிய இடத்தில் கட்டியபடியே மூழ்கியிருந்தது. அன்று புயல் அடிக்கவில்லை. படகு எதிலும் மோதவும் இல்லை. பாரந்தூக்கியால் அதை வெளியே எடுத்து நீரை இறைத்த பின் உள்ளே இறங்கிப் பார்த்தபோது, ஏரி நீரை இயந்திரத்துக்குக் கொண்டு செல்லும் பாதையில் இருந்த வடிகட்டிக் கிண்ணம் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவு சனவரியிலேயே ஏற்பட்டுவிட்டது. மே மாதத்தில், ஏரி நீரை அந்தப் பாதைக்குள் விடும் வால்வைத் திறந்துவிட்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனபோது, ஏரி அந்த வழியாக உள்ளே வந்தது. என்னிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "பிங்க் வெளியிலை வந்ததைப் பார்த்துப்போட்டுத்தான் நிப்பாட்டினனான், அண்ணை."

உறையாமல் இருக்க இயந்திரத்துக்குள் ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவம் பின்பக்கக் குழாயால் வெளியே வந்ததைத்தான் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. தனக்குச் சொல்லித் தரப்பட்டதை அப்படியே செய்திருக்கிறார். இதே வாக்கியத்தை வேறு வேறு வாய்களிலிருந்து ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஆனால் நூறு டொலருக்கும் குறைவான செலவிலும் ஒரு பிற்பகல் வேலையிலும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பைத் திரும்பத் திரும்ப எழுதுவது உண்மையில் மனதைச் சலிக்கச் செய்கிறது. ஆகவே இம்முறை ஒக்டோபருக்கு முன்பே இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோ ஏரியில் சிறு படகு வைத்திருப்பவர்கள் ஒக்டோபரில் அதைக் கரையேற்றி, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ மீண்டும் இறக்குகிறார்கள். அதாவது ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் படகு தரையில் நிற்கிறது. அண்மைக் காலத்தில் ஸ்காபரோப் பக்கம் நம்மவர்களும் 1970களிலும் 1980களிலும் கட்டப்பட்ட பழைய பாய்மரப் படகுகளை மலிவாக வாங்குவதைக் காண்கிறேன். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிச் சென்ற வல்வெட்டித்துறையின் மக்கள் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் ஊரில் வாடைக் காலத்தில் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தால் அது பத்திரமாக இருந்தது; காற்று மாறியதும் மீண்டும் தள்ளினால் போதும். இங்கே அந்த நம்பிக்கை செல்லாது. கரையேற்றிய பின்புதான் இங்கே படகுக்கு ஆபத்துத் தொடங்குகிறது, ஏனென்றால் உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. அந்த விரிவை வெண்கலமோ வார்ப்பிரும்போ தாங்குவதில்லை.

இனி அந்த இளஞ்சிவப்புத் திரவத்துக்கு வருகிறேன். அன்ரிஃபிறீஸ் என்று கேட்டு வாங்கும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் குடுவையில் −50 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ரொறன்ரோவில் மிகக் குளிர்ந்த இரவுகளில்கூட −20 அல்லது அதைச் சற்றுத் தாண்டித்தான் போகிறது, ஆகவே பாதிக்கு மேல் பாதுகாப்பு மிச்சம் இருக்கிறது என்று படகுக்காரர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தவறு. அந்த எண், எதுவும் கலக்காத திரவம் ஒரு குழாயை வெடிக்கச் செய்யாமல் இருக்கும் எல்லையைக் குறிக்கிறது. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாக உறையத் தொடங்கிவிடும். அதில் நீர் கலந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்தத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல்; அது 30 சதவீதம் உள்ள கரைசல் சுமார் −13 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். அதனுடன் சம அளவு நீர் சேர்ந்தால் −5 பாகையை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். −5 பாகை இங்கே திசெம்பர் மாதத்தின் சாதாரண இரவு. இயந்திரத்தில், அதன் புகைக்குழாயோடு இணைந்த நீர்ப்பெட்டியில், வளைந்து தொங்கும் ரப்பர் குழாய்களில் எல்லாம் ஏற்கெனவே லீற்றர்க் கணக்கில் நீர் நிற்கும்போது, ஒரு குடுவைத் திரவத்தை அதன் மேல் ஊற்றினால் கலப்பு நடக்காமல் வேறென்ன நடக்கும்?

சரி, பின்பக்கக் குழாயில் இளஞ்சிவப்பு வந்ததே என்பார்கள். வந்தது, ஆனால் எந்த வழியாக வந்தது என்பதே கேள்வி. ஏரி நீரை நேரடியாகத் தன் இரும்பு உடலான வார்ப்புக்குள் சுழலவிட்டுக் குளிரும் பழைய இயந்திரங்களில், குறிப்பாக அக்காலச் சிறு படகுகளில் ஏராளமாகப் பொருத்தப்பட்ட அற்றொமிக் ஃபோர் பெற்றோல் இயந்திரம் போன்றவற்றில், குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்ரற் (சூடேறிய பின்பே வார்ப்புக்குள் நீரைச் சுழலவிடும் அடைப்பான்) மூடியே இருக்கும். திரவம் நிரப்பிய வாளியில் உறிஞ்சு குழாயை வைத்து இயந்திரத்தை இரண்டு நிமிடம் ஓட்டினால், திரவத்தின் பெரும்பகுதி இயந்திர வார்ப்புக்குள் சுழலாமல் மாற்றுப் பாதையால் சுற்றிப் புகைக்குழாய்க்குப் போய்விடுகிறது. வெளியே அழகான இளஞ்சிவப்பு; உள்ளே, விலையுயர்ந்த வார்ப்புக்குள், தூய ஏரி நீர். அந்த நீர் சனவரியில் உறைந்து வார்ப்பைப் பிளக்கும். பனிக்கட்டியே பிளவை அடைத்து வைத்திருப்பதால் மார்ச்வரை எதுவும் ஒழுகாது. ஏப்ரலில் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால்போல வெளுத்திருக்கும்.

செய்ய வேண்டிய முறை இதுதான். முதலில் நன்னீர் வாளியிலிருந்து இயந்திரத்தை ஓட்டி, தெர்மோஸ்ரற் திறக்கும் அளவுக்கு அதைச் சூடாக்குங்கள். பின்பு நிறுத்தி, வார்ப்பின் பக்கவாட்டில் உள்ள வடிதிருகைத் திறந்து நீரை முழுவதும் வெளியேற்றுங்கள். திருகைத் திறந்தும் நீர் வரவில்லையென்றால் நீர் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். துரு அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்துங்கள், வரும். அதன் பின்பே, தெர்மோஸ்ரற் மீண்டும் மூடுவதற்குள், திரவத்தை உறிஞ்ச விடுங்கள். தனிக் குளிரூட்டித் திரவமும் வெப்பமாற்றியும் உள்ள புதிய டீசல் இயந்திரங்களில் ஏரி நீரின் பாதை எளிமையானது, அங்கே வாளி முறை போதும். ஆனால் அந்த மூடிய சுற்றில் உள்ள திரவத்தின் வலுவை யாரும் சோதிப்பதில்லை, அதையும் சோதியுங்கள். இரண்டு வகையிலும் நிறத்தை நம்பாதீர்கள். கரைசல் எந்தப் பாகையில் உறையும் என்று காட்டும் சிறிய கண்ணாடிக் கருவி வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. பின்பக்கக் குழாயிலிருந்து வருவதை ஒரு குவளையில் பிடித்து, அந்தக் கருவியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். வாளியில் உள்ளதும் குவளையில் உள்ளதும் ஒரே அளவைக் காட்டும்வரை ஓட்டுங்கள். கார்களுக்கான பச்சை எத்திலீன் கிளைக்கோலை ஏரி நீர்ப் பாதையில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்; அது நஞ்சு, ரொறன்ரோ மக்கள் இந்த ஏரியிலிருந்துதான் குடிக்கிறார்கள்.

மூழ்கிய அந்தப் படகில் நடந்ததோ இதைவிட எளிய தவறு. உறிஞ்சு குழாயை வடிகட்டிக்குப் பின்னால் கழற்றி வாளியில் வைத்ததால், வடிகட்டியையும் அதற்கு முன்னால் இருந்த வால்வையும் திரவம் தொடவே இல்லை. பந்து வால்வுகள் இந்த விடயத்தில் மிகவும் ஏமாற்றக்கூடியவை. மூடிய நிலையில் பந்தின் துளைக்குள்ளும் பந்துக்கும் உறைக்கும் இடையிலும் சிறிது நீர் சிறைப்பட்டு நிற்கும். வால்வின் உடலைப் பிளக்க அது போதும். படகு தரைக்கு வந்ததும் ஒவ்வொரு வால்வையும் திறந்து வடியவிட்டு, உட்பக்கத்திலிருந்து திரவத்தை ஊற்றியபடி இரண்டு மூன்று முறை திறந்து மூடி, கடைசியில் திறந்தே விடுங்கள். நீர் வரும் என்று பயப்பட வேண்டாம், படகு தரையில் நிற்கிறது. கழிப்பறைக் குழாய்களும் இதே கவனத்தைக் கேட்கின்றன.

நீர் ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. சுக்கானின் உள்ளே நுரை நிரப்பியிருப்பார்கள். தண்டு நுழையும் இடத்தால் அதற்குள் நீர் இறங்கி, உறையும்போது சுக்கானின் இரு பக்கத் தகடுகளையும் பிரித்துவிடும். அதனால் இந்த ஏரிப் பகுதியில் பலர் இலையுதிர்காலத்தில் சுக்கானின் அடியில் ஒரு சிறு துளையிட்டு வடியவிட்டு இளவேனிலில் அடைக்கிறார்கள், நல்ல வழக்கம். பாய்மரத்தை இறக்காமல் நிறுத்தி வைப்பவர்கள் அதன் அடியில் உள்ள வடிதுளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் அலுமினியக் குழாயே வெடிக்கும். நயாகரா-ஒன்-த-லேக்கில் கட்டப்பட்ட சி அண்ட் சி படகுகள் உட்படப் பல படகுகளின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் அடியால் கசியும் நீர் அந்த மரத்தில் ஊறி, உறைந்து உருகி உறைந்து உருகி, ஒவ்வொரு குளிர்காலமும் தகட்டை மரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்கிறது. என் சுத்தியல் தட்டலுக்கு மந்தமான ஒலி தரும் மேல்தளங்களில் பெரும்பாலானவை இப்படி உருவானவைதான்.

எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது, படகோட்டுபவர் அமரும் திறந்த குழிவிடத்தின் வடிகால் இலைகளால் அடைபடுவது. மழை நீர் நிரம்பி வழிந்து அறைக்குள் இறங்கி அடிக்குழியில் தேங்குகிறது. பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் தானியங்கிப் பம்பும் ஓடாது. பற்றரியைக் கொண்டுபோனது சரிதான்: முழுமையாக மின்னேற்றிய ஈயப் பற்றரி −50 பாகையிலும் உறையாது, ஆனால் முற்றாக வடிந்தது −10 பாகைக்கு முன்பே உறைந்து வெடிக்கலாம்; லித்தியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே மின்னேற்றவே கூடாது. ஆகவே அதை வீட்டில் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு முறையாவது நீங்கள் படகுக்குப் போங்கள். தயவுசெய்து போங்கள். ஒரு கடும் மழைக்குப் பின்பும் ஒரு கடும் பனிக்குப் பின்பும் கட்டாயம் போங்கள்.

போகும்போது தாங்குகால்களையும் பாருங்கள். படகின் எடை அடிக்கட்டையின் மீது நிற்கிறது. பக்கங்களில் உள்ள இரும்புத் தாங்குகால்கள் அது சாயாமல் பிடிக்கின்றன, அவ்வளவே. எதிரெதிர்த் தாங்குகால்களை அடிக்கட்டையின் கீழால் சங்கிலியால் இணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் படகுகளை நிறுத்தி வைக்கும் முற்றத்தின் பொறுப்பாளர்களிடம் கேட்டு அன்றே இணைப்பியுங்கள். தரை உறைந்து இளகும்போது தாங்குகால் அடியில் புதையாமலிருக்கத் தடித்த பிளைவூட் துண்டு வேண்டும். படங்கின் கயிற்றைத் தாங்குகாலில் கட்டாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் நவம்பரில் எந்த முற்றத்துக்குப் போனாலும் அப்படிக் கட்டிய ஒரு படகையாவது பார்க்கிறேன். காற்றில் படங்கு படபடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கயிறு தாங்குகாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறது. ஒன்று கழன்றால் உங்கள் படகு விழும். அருகில் நிற்பது வேறொருவரின் படகு. கயிற்றைப் படகின் அடியால் எடுத்து மறுபக்கத்துக்குக் கட்டுங்கள், அல்லது நீர்க் குடுவைகளை எடையாகத் தொங்கவிடுங்கள். தாங்குகாலை நீங்களாக நகர்த்தாதீர்கள், ஒரு தூரிகை பூச்சு அடிப்பதற்காகக்கூட.

பெப்ரவரியில் படகைப் பிரிந்திருக்க முடியாமல் அதை மூடிய உறைக்குள் புகுந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் சுருங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் புரொப்பேன் அடுப்பை எரிக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. முதலில் தலைவலியும் குமட்டலும் வரும், அதைப் பூச்சின் மணத்தால் வந்ததென்று நினைப்பீர்கள், எழுந்து வெளியேற நினைக்கும்போது கால் ஒத்துழைக்காது. மின்சூடாக்கி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்; காற்று வர இரண்டு பக்கமும் திறப்பு; மின்கலத்தில் இயங்கும் ஓர் எச்சரிக்கைக் கருவி. ஏணியின் மேல்முனையைப் படகோடு கட்டுங்கள், பனி படிந்த படிகளில் பொருள்களைச் சுமந்தபடி ஏறாதீர்கள்.

காப்புறுதி இருக்கிறதே என்று சொல்பவர்கள் ஒப்பந்தத்தை இன்றிரவே எடுத்து வாசியுங்கள். உறைவினால் ஏற்படும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் விலக்கியிருக்கின்றன, சில ஒப்பந்தங்கள் தொழில்முறைப் பணியாளர் குளிர்காலத் தயாரிப்பைச் செய்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்கின்றன. வடிகட்டி சனவரியில் பிளந்தது என்று நான் எழுதினால் அது உங்களுக்குப் பாதகமாகலாம். ஆனாலும் நான் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இறக்கும் நாள். பாரந்தூக்கியின் பட்டிகளில் படகு இன்னும் தொங்கும்போதே, நீரைத் தொட்டதும், ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். கைவிளக்கோடு உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வடிகட்டியையும் குழாய்களையும் இணைப்புகளையும் உலர்ந்த கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் வால்வை மூடி, படகைத் திரும்பத் தூக்கச் சொல்லுங்கள். நனையவில்லையென்றால் இயந்திரத்தை ஓட்டி, மீண்டும் ஒரு முறை தடவிப் பாருங்கள். அன்று மாலை வீட்டுக்குப் புறப்படும் முன் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள் அனைத்தையும் மூடுங்கள். மறுநாள் காலையில் வந்து அடிக்குழியைப் பார்த்த பின்பு திறக்கலாம்.